பிட்ச்: ஒரே சொல், பத்து இடம். தமிழில் என்ன போடுவது?

சொல்லேணி எழுதியது:

வணக்கம். ஐடிஐ, பாலிடெக்னிக் பாடங்களோடு பொது வாசிப்புப் பகுதிகளையும் சேர்த்து ஓர் ஆங்கிலம்–தமிழ்க் கலைச்சொல் பட்டியல் தயாராகிறது. அட்டவணையில் ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்க் கட்டம்தான். பழைய பதிப்பில் ‘பிட்ச்’ என்ற பெயர்ச்சொல்லுக்கு எதிரே ‘சுருதி’ என்று மட்டும் இருக்கிறது. மென்பொருள் அதையே எல்லா இடத்திலும் நிரப்பியதில் “எம்10 போல்ட்டின் சுருதி 1.5 மி.மீ.” என்று ஒரு வரி வந்து நிற்கிறது. போல்ட்டு பாடாது என்பதால் கேட்கிறேன்.

மாட்டிக்கொண்ட இடங்கள்:

போல்ட்டின் பிட்ச் 1.5 மி.மீ.
சைக்கிள் செயினின் பிட்ச் அரை அங்குலம்.
கனெக்டர் பிட்ச் 2.54 மி.மீ.
தட்டச்சு எழுத்து 12 பிட்ச்.
புரொப்பல்லர் 10 × 4.5, இதில் 4.5 என்பது பிட்ச்.
கூரையின் பிட்ச் 1/6.
மோட்டாரின் வேகம் கூடக்கூட ஓசையின் பிட்ச் உயரும்.
மரத்தொட்டியின் இணைப்புகளில் பிட்ச் பூசவும்.
பிட்ச் ஈரமாக இருந்ததால் ஆட்டம் தாமதமானது.
முதலீட்டாளர்களுக்கான பிட்ச் பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

எல்லாவற்றுக்கும் ‘பிட்ச்’ என்றே எழுதிவிட்டுப் போகலாமா? அந்தந்தத் துறையில் இருப்பவர்கள் நடைமுறையில் என்ன சொல்கிறீர்கள், எங்கே தப்பு நேர்கிறது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

—

வேர்ச்சொல் எழுதியது:

முதலில் அந்த ஒற்றைக் கட்டத்தை உடையுங்கள். ஆங்கிலத்திலேயே இவை இரண்டு சொற்கள். எழுத்துக்கூட்டல் ஒன்றாகிவிட்டது, அவ்வளவுதான். நல்ல ஆங்கில அகராதிகள் இரண்டையும் தனித்தனிப் பதிவாக எண் போட்டுத் தருவதைப் பார்க்கலாம்.

தொட்டியில் பூசும் கருப்புப் பொருள் லத்தீனின் ‘பிக்ஸ்’ வழியாகப் பழைய ஆங்கிலத்துக்கு வந்தது. மற்றது இடைக்கால ஆங்கிலத்தில் குத்தி நிறுத்து, ஊன்று என்ற பொருளில் இருந்த ஒரு வினை. முளை அடித்துக் கூடாரம் போடுவதற்கு ஆங்கிலத்தில் அதே வினைதான் இன்றும். நாமும் ‘கூடாரம் அடித்தார்கள்’ என்றுதானே சொல்கிறோம். கிரிக்கெட்டில் ஸ்டம்பு ஊன்றிய இடம் பிட்ச் ஆனதும் இதே வழியில்தான். ஊன்று, எறி, ஒரு நிலையில் வை என்று அந்த வினை கிளைத்ததில் ஓசையின் நிலை, சரிவின் நிலை எல்லாம் வந்து சேர்ந்தன.

மொழிபெயர்ப்பவருக்கு வேரைவிடப் பயன்படுவது அளவை அலகு. பிட்ச் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என்ன அலகு நிற்கிறது என்று பாருங்கள். மில்லிமீட்டரோ அங்குலமோ இருந்தால் இரண்டு பல், இரண்டு புரி, இரண்டு பின் இவற்றுக்கு நடுவே உள்ள தூரம். ஹெர்ட்ஸ் இருந்தால் ஓசை. பாகை இருந்தால் சாய்வு. கஜம் இருந்தால் விளையாட்டு. கிலோவும் லிட்டரும் இருந்தால் பூசும் பொருள். நிமிடம் இருந்தால் யாரோ எதையோ விற்க வருகிறார்.

அலகே இல்லாமல் வெறும் எண் வந்தால் உஷாராகுங்கள். உங்கள் பட்டியலில் ‘12 பிட்ச்’ அப்படிப்பட்டது. அங்கே எண்ணின் பொருளே தலைகீழ்: அங்குலத்துக்கு 12 எழுத்து. எண் கூடினால் எழுத்து நெருங்கும், இடைவெளி குறையும். பழைய தட்டச்சுப் பொறிகளில் பைக்கா என்றால் 10, எலீட் என்றால் 12. இதற்கு ‘எழுத்து நெருக்கம்’ என்று போடுவேன். ‘இடைவெளி 12’ என்று எழுதினால் வாசகர் 12 மி.மீ. என்று எடுத்துக்கொள்வார்.

—

மரை_எண்ணி எழுதியது:

போல்ட்டு விஷயத்துக்கு வர்றேன். புத்தகத்துல ‘புரியிடைத் தூரம்’னு போடுங்க. பள்ளிக்கூடத் திருகு அளவிப் பாடத்துலயே இருக்கிற சொல்தான், பிள்ளைங்களுக்குப் பழக்கம். பட்டறையில மரைன்னுதான் பேச்சு, பிட்ச்சைப் பிட்ச்னே சொல்லிடுவாங்க. ரெண்டையும் ஒரு தடவை பக்கத்துல பக்கத்துல காட்டிட்டா போதும்.

என்ன அளவுன்னா: ஒரு மரையோட உச்சியிலிருந்து அடுத்த மரையோட உச்சிக்கு, போல்ட்டோட அச்சுக்கு இணையா எடுக்கிற தூரம். சரிவிலேயே அளக்கக் கூடாது. ‘எம்’முக்குப் பின்னாடி வர்ற எண், போல்ட்டோட வெளி விட்டம், மி.மீ.ல. மெட்ரிக் சாதா மரையில எம்6-க்கு 1 மி.மீ., எம்8-க்கு 1.25, எம்10-க்கு 1.5, எம்12-க்கு 1.75, எம்16-க்கு 2, எம்20-க்கு 2.5. நுண்மரைன்னா எம்10-லேயே 1.25-ம் உண்டு, 1-ம் உண்டு. அதனால ‘எம்10’னு மட்டும் எழுதியிருந்தா சாதா மரை 1.5-ன்னு அர்த்தம், நுண்மரையா இருந்தா ‘எம்10 × 1.25’னு பெருக்கல் குறி போட்டு எழுதியே ஆகணும். மொழிபெயர்க்கும்போது அந்தப் பின்பகுதியை விட்டுட்டீங்கன்னா வாசிக்கிறவர் வேற போல்ட்டு வாங்கிட்டு வருவார். 1.25 போல்ட்டை 1.5 நட்டுல விட்டா கையால ஒண்ணு ரெண்டு சுத்து போகும், அப்புறம் இறுகும். ‘துருவா இருக்கும்’னு ஸ்பேனர் போட்டு இழுத்தா ரெண்டு மரையும் போச்சு.

டேப் (துளைக்குள்ள மரை வெட்டுற கருவி) அடிக்கிறதுக்கான துளையும் இந்த எண்ணை வச்சுத்தான். வெளி விட்டத்துல இருந்து பிட்ச்சைக் கழிச்சா டிரில் அளவு கிடைச்சிடும். எம்6-க்கு 5, எம்10 × 1.5-க்கு 8.5, எம்10 × 1.25-க்கு 8.75, கடையில 8.8 கிடைக்கும். பிட்ச்சை மாத்தி எடுத்தா துளை சின்னதாகி டேப் உள்ளேயே முறியும், இல்லன்னா துளை பெரிசாகி மரை ஆழமில்லாம வழுக்கும்.

அளக்கிறது எப்படி: மரையைக் கம்பி பிரஷ்ஷால தேய்ச்சு அழுக்கை எடுத்துடுங்க. பிட்ச் கேஜோட பல்லு வெட்டின இலையை மரை மேல நீளவாக்குல வச்சு வெளிச்சத்துக்கு எதிரா பிடிங்க. நடுவுல வெளிச்சம் கசிஞ்சா அந்த இலை இல்ல. கேஜ் இல்லாட்டி ஸ்டீல் ஸ்கேல் போதும். பத்து இடைவெளியை அளந்து பத்தால வகுக்கணும். இங்கதான் எல்லாரும் தப்பு பண்றது: பத்து உச்சியை எண்ணிட்டு நிறுத்திடுவாங்க. பத்து உச்சிக்கு நடுவுல ஒன்பது இடைவெளிதான். 1.5 மரை அப்ப 13.5 மி.மீ. காட்டும், பத்தால வகுத்தா 1.35. அப்படி ஒரு மரை எந்தப் பட்டியல்லயும் கிடையாது. பதினோரு உச்சி எண்ணுங்க.

இன்னொரு கண்ணி. அங்குல மரையில பிட்ச்சைத் தூரமா சொல்ல மாட்டாங்க, அங்குலத்துக்கு எத்தனை மரைன்னு சொல்வாங்க. 25.4-ஐ அந்த எண்ணால வகுத்தா மி.மீ. வரும். 20 மரைன்னா 1.27. மெட்ரிக் 1.25 இலை இதுல கிட்டத்தட்ட உக்காந்த மாதிரியே தெரியும்! பத்து மரை நீளத்துக்கு வச்சுப் பார்த்தாத்தான் 0.2 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். அதோட, பழைய பிரிட்டிஷ் அங்குல மரையான விட்வொர்த்துக்குக் கோணம் 55 பாகை, மெட்ரிக்குக்கு 60. அரை அங்குல போல்ட்டுல விட்வொர்த்துக்கு 12 மரை, அமெரிக்க சாதா மரையான யூஎன்சிக்கு 13. கால் அங்குலத்துல ரெண்டுக்குமே 20. ஒரு அளவுல பொருந்திடுச்சுன்னு எல்லா அளவுலயும் மாத்திப் போட முடியாதுங்கறதுக்கு அந்த அரை அங்குலமே சாட்சி.

‘லீடு’ன்னு ஒண்ணு வரும், அதையும் புரியிடைத் தூரம்னு போட்டுடாதீங்க. ஒரு முழுச் சுத்துக்கு நட்டு முன்னேறுற தூரம் அது. ஒத்தை மரையில ரெண்டும் ஒண்ணே. பல மரை ஒண்ணா ஓடுற திருகுல, பிட்ச்சை மரை எண்ணிக்கையால பெருக்கணும். 3டி பிரிண்டர்ல வர்ற டி8 திருகுல பரவலா இருக்கிறது பிட்ச் 2 மி.மீ., நாலு மரை, லீடு 8. மோட்டாருக்குச் சுத்துக்கு 200 ஸ்டெப், ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் 16 மைக்ரோஸ்டெப் வச்சா மி.மீ.க்கு 400 மைக்ரோஸ்டெப் போடணும். பிட்ச்சும் லீடும் ஒண்ணுதான்னு நினைச்சு 1600 போட்டா 10 மி.மீ. ஏறச் சொன்னது 40 மி.மீ. ஏறி நிக்கும். லீடுக்கு ‘சுற்றுமுன்னேற்றம்’னு போடலாம்.

திருகு அளவிப் பாடத்துலயும் ஒரு வரி சேர்த்துடுங்க. பள்ளிக்கூடத்து அளவியில பெரும்பாலும் பிட்ச் 1 மி.மீ., தலைக்கோல்ல 100 பிரிவு. பட்டறை மைக்ரோமீட்டர்ல பிட்ச் 0.5, பிரிவு 50. மீச்சிற்றளவு ரெண்டுலயும் 0.01 மி.மீ.தான். ஆனா பட்டறை மைக்ரோமீட்டர் 1 மி.மீ. நகர ரெண்டு சுத்து வேணும். அரை மி.மீ. கோட்டைப் பார்க்காம விட்டா 7.82 இருக்கிறதை 7.32-ன்னு எழுதிடுவோம்.

—

சால்டர்புகை எழுதியது:

கனெக்டருக்குப் ‘பின் இடைத்தூரம்’ போதும். ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடுவுக்கு. ‘இடைவெளி’ என்று போட வேண்டாம். இரண்டு பின்னுக்கு நடுவே உள்ள காலி இடம் மட்டும் என்று புரிந்துகொள்வார்கள், பின்னின் தடிமன் அளவுக்குக் கணக்கு குறையும்.

2.54-ஐ 2.5 என்று சுருக்கவும் வேண்டாம். இரண்டு அளவிலும் கனெக்டர் விற்கிறது. நாலு பின் என்றால் கடைசியில் 0.12 மி.மீ. தள்ளும், அழுத்தினால் இறங்கிவிடும். 20 பின் என்றால் 0.76 மி.மீ. தள்ளும், கடைசிப் பின்கள் துளைக்கு வெளியே நிற்கும். தசமத்துக்குப் பிறகு வரும் இரண்டாவது இலக்கம் அலங்காரத்துக்காக இல்லை.

—

மரை_எண்ணி எழுதியது:

செயினை மறந்துட்டேன். அதுவும் இதே கதைதான், ‘பின் இடைத்தூரம்’ சரியா வரும். சைக்கிள் செயின் 12.7 மி.மீ. பைக் செயின்ல எழுதியிருக்கிற எண்ணோட முதல் இலக்கம் பிட்ச்: எட்டுல எத்தனை பங்கு அங்குலம்னு. 428-ன்னா 4/8 அங்குலம், 12.7 மி.மீ. 520, 530-ன்னா 5/8, அதாவது 15.875. பின்னாடி வர்ற ரெண்டு இலக்கம் அகலத்தைச் சொல்றது.

‘செயின் இழுத்துக்கிச்சு’ன்னு சொல்றோமே, தகடு ஒண்ணும் நீளமாகிறது இல்ல. பின்னும் அது சுழல்ற துளையும் தேயுது, அதனால ஒவ்வொரு பிட்ச்சும் முடியளவு கூடுது. சைக்கிள்ல 24 பிட்ச்சை இழுத்துப் பிடிச்சு அளந்தா புதுசுல 304.8 மி.மீ. வரணும். 306.3 தாண்டினா செயினை மாத்துற நேரம். 307.8-க்குப் போயிடுச்சுன்னா பல்சக்கரமும் சேர்ந்து தேஞ்சிருக்கும், புதுச் செயின் போட்டாலும் பல்லு மேல ஏறித் தாவும். உங்க பாடத்துல ‘செயின் நீட்சி’ன்னு இருந்தா அதை ‘பின் இடைத்தூரம் கூடுதல்’னு மாத்திடுங்க. ஏன் மாத்தணும்னு படிக்கிறவனுக்கு அதுலயே விளங்கிடும்.

புரொப்பல்லர் 4.5-ம் நம்ம திருகுதான், காத்துல ஓடுற திருகு. நழுவாம ஒரு சுத்து சுத்தினா 4.5 அங்குலம் முன்னால போகும்னு கணக்கு. முன்னாடி இருக்கிற 10, விட்டம். சாய்வு 4.5 பாகைன்னு போட்டுடாதீங்க, அடிக்கடி பார்க்கிற தப்பு அது.

—

ஆறரைக்கட்டை எழுதியது:

ஓசைக்குச் ‘சுருதி’ சரி. பள்ளி இயற்பியலிலும் உரப்பு, சுருதி, தரம் என்றுதான் பிரிக்கிறார்கள். ஆனால் சங்கீதத்தில் சுருதிக்கு வேறு வேலைகளும் இருப்பதால் கவனம் வேண்டும்.

பொதுவாக நடக்கும் பிழை, சுருதி உயர்வதையும் ஓசை பலமாவதையும் ஒன்றாகக் கொள்வது. ஆங்கிலத்தில் ‘ஹை பிட்ச்டு’ குரல் என்றிருப்பதை ‘உரத்த குரல்’ என்று எழுதிவிடுகிறார்கள். கொசு எழுப்புவது உயர்ந்த சுருதி, ஆனால் மெல்லிய ஓசை. தவிலின் தொப்பிப் பக்கம் எழுப்புவது தாழ்ந்த சுருதி, ஆனால் தெருக்கோடி வரை கேட்கும். குரலுக்குக் ‘கீச்சுக்குரல்’ என்ற அருமையான சொல் நம்மிடம் இருக்கும்போது ‘உயர் சுருதிக் குரல்’ என்று பாடநூல் தமிழ் எதற்கு? உங்கள் மோட்டார் வரியையும் “வேகம் கூடக்கூட ஓசை கீச்சென்று ஏறும்” என்று எழுதினால் மெக்கானிக்குக்கு உடனே காதில் விழும்.

கர்நாடக இசையில் சுருதி என்றால் முதலில் ஆதார சுருதி, அதாவது பாடகர் தம் ஷட்ஜத்தை (‘ச’ சுரத்தை) எங்கே வைத்துக்கொள்கிறார் என்பது. அதைக் கட்டையில் சொல்வோம். 1 கட்டை என்பது சி, 1½ சி ஷார்ப், 2 டி, 2½ டி ஷார்ப், 3 இ, 4 எஃப், 4½ எஃப் ஷார்ப், 5 ஜி, 5½ ஜி ஷார்ப், 6 ஏ, 6½ ஏ ஷார்ப், 7 பி. மூன்றரைக் கட்டை என்று ஒன்று இல்லை. ஹார்மோனியத்தில் மூன்றாவது வெள்ளைக் கட்டைக்கும் நான்காவதுக்கும் நடுவே கருப்புக் கட்டை கிடையாது. அதனால் 2-லிருந்து 3-க்குப் போவது முழு சுரம், 3-லிருந்து 4-க்குப் போவது அரை சுரம்தான். ‘ஒரு கட்டை ஏற்றவும்’ என்று பொதுவாக எழுதினால் எங்கிருந்து என்ற கேள்வி வரும். மென்பொருள் கையேட்டில் ‘ஒரு செமிடோன்’ என்றிருந்தால் ‘அரை சுரம்’ என்று போடுங்கள், கட்டையைத் தொடாதீர்கள்.

எண்ணாகச் சொன்னால், சர்வதேச அளவுகோலில் நடு ஸ்தாயி ஏ 440 ஹெர்ட்ஸ். அந்தக் கணக்கில் நடு சி 261.63, அதற்குக் கீழ் ஸ்தாயி சி 130.81. அரை சுரம் ஏற அதிர்வெண்ணை ஏறக்குறைய 1.0595-ஆல் பெருக்க வேண்டும். ஒரு பதிவை 6 சதவீதம் வேகமாக ஓட்டினால் பாட்டு அரை சுரம் ஏறிவிடுவது இதனால்தான். 1 கட்டைப் பாட்டு 1½ கட்டையில் கேட்கும், தாளமும் சேர்ந்து ஓடும். சுருதியை மட்டும் மாற்றி வேகத்தை அப்படியே வைக்கும் வசதி செயலிகளில் தனிப் பொத்தானாக இருக்கும். இரண்டு பொத்தானுக்கும் ஒரே பெயர் வைத்துவிடாதீர்கள்.

இரண்டு வலைகள். ஒன்று, ‘பிட்ச் மாறுபாடு’ என்பதைச் ‘சுருதி பேதம்’ என்று எழுதுவது. அது ஒரு ராகத்தின் வேறொரு சுரத்தை ஷட்ஜமாகக் கொண்டு இன்னொரு ராகத்தைக் காட்டும் உத்தியின் பெயர். கிரக பேதம் என்றும் சொல்வார்கள். ‘சுருதி விலகல்’ அல்லது ‘சுருதி ஏற்ற இறக்கம்’ என்று போடுங்கள். இரண்டு, ‘கான்சர்ட் பிட்ச்’ என்பதைக் ‘கச்சேரி சுருதி’ என்று எழுதுவது. நம் வாசகர் அன்றைய பாடகரின் கட்டை என்று நினைப்பார். ஆங்கிலத்தில் அது எல்லா வாத்தியங்களும் ஒத்துக்கொண்ட பொது அளவு. பி ஃபிளாட் கிளாரினெட்காரர் தாளில் சி பார்த்து வாசித்தால் காதில் விழுவது பி ஃபிளாட். அந்தக் காதில் விழும் சுரத்தைக் குறிக்கத்தான் அச்சொல். ‘பொதுச்சுருதி’ பொருந்தும்.

—

தச்சுமுழம் எழுதியது:

கூரை 1/6-ஐப் பற்றி யாரும் பேசவில்லை. இதில் ஏமாந்தால் வீடே ஒழுகும்.

ஆங்கிலப் புத்தகங்களில் கூரை பிட்ச்சுக்கு இரண்டு கணக்கு உண்டு. பழைய கணக்கு: முகட்டின் உயரத்தைக் கூரையின் முழு அகலத்தால் வகுப்பது. இப்போது அமெரிக்கத் தச்சர்கள் பரவலாகச் சொல்வது: உயரத்தைப் பாதி அகலத்தால் வகுத்து, 12-க்கு இத்தனை என்பது. வீட்டின் அகலம் 24 அடி, முகடு சுவர் மட்டத்திலிருந்து 4 அடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கணக்கில் 4/24, அதாவது 1/6. புதிய கணக்கில் 4/12. இரண்டும் ஒரே கூரை, சாய்வு 18.4 பாகை. 1/6 என்பதை ‘ஆறு அடிக்கு ஓர் அடி’ என்று மொழிபெயர்த்தால் முகடு 2 அடிதான் வரும், சாய்வு 9.5 பாகைக்கு இறங்கிவிடும். ஓட்டுக் கூரைக்கு அது மிகத் தட்டை. காற்றோடு அடிக்கும் மழையில் தண்ணீர் ஓட்டின் அடியில் பின்வாங்கி ஏறும்.

எனவே எண்ணை மட்டும் எடுத்து எழுதாமல் “24 அடி அகலத்துக்கு முகடு 4 அடி உயரம்” என்று விரித்துவிடுங்கள். சொல்லுக்குக் ‘கூரைச் சரிவு’. ‘வாட்டம்’ என்ற அழகான சொல் இருக்கிறது, ஆனால் கொத்தனார் அதை மொட்டைமாடி, குளியலறைத் தரை, சாக்கடை இவற்றில் தண்ணீர் ஓட விடும் சிறு சரிவுக்குத்தான் பெரும்பாலும் சொல்வார். மாடிக்கு வாட்டம், ஓட்டுக் கூரைக்குச் சரிவு என்று பிரித்து வையுங்கள்.

—

பாய்மரம் எழுதியது:

தொட்டிக்குப் பூசும் பிட்ச்சுக்கு அகராதிச் சொல் ‘கீல்’. தமிழ் விவிலியத்தில் நோவாவின் பேழைக்கு உள்ளும் புறமும் பூசியது கீல். குழந்தை மோசேயை வைத்த நாணற்பெட்டிக்குப் பூசியது பிசினும் கீலும். ஆக சொல் பழையது, ஏற்கெனவே அச்சில் இருப்பது.

ஆனால் தொழில்நுட்பக் கையேட்டில் ‘இணைப்புகளில் கீல் பூசவும்’ என்று எழுதாதீர்கள். இன்று பலருக்குக் கீல் என்றால் கதவின் கீல்தான், அல்லது கீல்வாதம். இணைப்பு, கீல் இரண்டும் ஒரே வரியில் வந்தால் குழப்பம் நிச்சயம். ‘தார்’ என்று போட்டாலும் சரியாகாது. சாலையில் போடுவதை நாம் தார் என்கிறோம், அது பெட்ரோலியத்திலிருந்து வரும் பிட்டுமன். பிட்ச் என்று வணிகத்தில் விற்பது பெரும்பாலும் நிலக்கரித் தாரைக் காய்ச்சி வடித்தபின் அடியில் தங்கும் கெட்டிப் பொருள். அதைக் ‘கரிக்கீல்’ என்று தனியாகக் குறிப்பது நல்லது, ஏனென்றால் எச்சரிக்கை வாசகம் மாறும்: கரிக்கீல் வேலையில் வரும் புகையும் தூசும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. குடிநீர்த் தொட்டி என்றால் ஆசிரியர் எந்தப் பிட்ச்சைச் சொன்னார் என்று கேட்காமல் அந்த வரியை அச்சுக்கு விடவே கூடாது.

பைன் மரத்திலிருந்து கசிவதையும் ஆங்கிலத்தில் பிட்ச் என்பார்கள். ரம்பத்தின் பல்லில் அப்பிக்கொண்டு சூடேற்றுவது அது. அதற்குப் ‘பிசின்’ போதும். மரக்கல வேலையில் பலகைச் சந்துகளில் பஞ்சு அடைத்து மேலே பூசி அடைப்பதற்குக் ‘கலப்பத்து’ என்ற சொல் உண்டு. அது வேலையின் பெயர், பொருளின் பெயர் அல்ல.

பொது வாசிப்புப் பகுதியில் இடமிருந்தால் ஒன்று சேர்க்கலாம். சுத்தியலால் அடித்தால் கண்ணாடி போல உடையும் இந்தப் பொருள் உண்மையில் ஓடும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927-இல் தாமஸ் பார்னெல் அதை ஒரு புனலில் ஊற்றி வைத்தார், 1930-இல் தண்டின் நுனியை வெட்டித் திறந்தார். ஒன்பதாவது சொட்டு விழுந்தது 2014-இல்.

அடைமொழியாக வரும் ‘பிட்ச் டார்க்’ இந்தக் கருப்பிலிருந்து வந்ததுதான். கும்மிருட்டு, மையிருட்டு இரண்டும் இருக்கின்றன. ‘கீல் இருட்டு’ வேண்டாம்.

—

மிட்விக்கெட் எழுதியது:

கிரிக்கெட்டுக்குப் பத்திரிகைகளில் ‘ஆடுகளம்’. முழுப் புல்வெளிக்கு ‘மைதானம்’. இந்தப் பிரிவை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஆங்கிலத்தில் கால்பந்து, ஹாக்கி என்று வந்தால் பிட்ச் என்பதே முழு மைதானம்தான். கால்பந்துச் செய்தியில் ரசிகர்கள் பிட்ச்சுக்குள் புகுந்தார்கள் என்றிருந்தால் ‘மைதானத்துக்குள்’.

கிரிக்கெட் விதியில் பிட்ச் என்பது 22 கஜம் நீளம், 10 அடி அகலம், அதாவது 20.12 × 3.05 மீட்டர் செவ்வகம். நீளம் ஒரு பந்துவீச்சுக் கோட்டிலிருந்து மறு பந்துவீச்சுக் கோடு வரை. பேட்டிங் கிரீஸ் அதற்கு 4 அடி முன்னால் இருப்பதால் ஒரு ஓட்டத்துக்கு ஓட வேண்டிய தூரம் 22 கஜத்தைவிடக் குறைவு. 66 அடியில் இரு பக்கமும் 4 அடி போனால் 58. பாடப் பகுதியில் ‘22 கஜம் ஓடினால் ஒரு ரன்’ என்று இருந்தால் திருத்துங்கள்.

உங்கள் ‘பிட்ச் ஈரமாக இருந்ததால்’ வரிக்கு ஆடுகளம் சரி. மைதானம் ஈரம் என்றால் வேறு பொருள்: எல்லைக்கோட்டருகே தண்ணீர் நிற்கலாம், ஆடுகளம் மூடிய உறைக்கு அடியில் காய்ந்தே இருக்கலாம்.

விக்கெட் என்ற சொல்லும் ஆங்கிலத்தில் பிட்ச்சுக்குப் பதிலாக வரும். ‘விக்கெட் மெதுவாக இருக்கிறது’ என்றால் ஸ்டம்பு மெதுவாக இல்லை. ஆடுகளம்தான்.

வினையாக வந்தால் பந்து தரையில் குத்துவது. “லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்திய பந்துக்கு எல்பிடபிள்யூ கிடையாது.” ‘விழுந்த’ என்பதைவிடக் ‘குத்திய’ வர்ணனையில் பழகிய சொல். அமெரிக்கப் பேஸ்பால் பகுதியில் பிட்ச் என்றால் எறியே பிட்ச். அங்கே ஆடுகளம் என்று போட்டால் ‘முதல் ஆடுகளம் மணிக்கு 90 மைல்’ என்று வந்து தொலையும்.

—

சொல்லேணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒரு கட்டத்தைப் பதினொன்றாகப் பிரித்துத் துறைக்குறி போட்டுவிட்டேன்: பொறி., இசை, கட்., விளை. என்று. குடிநீர்த் தொட்டி வரியை ஆசிரியருக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மீதி இரண்டு: முதலீட்டாளர் பிட்ச், சுற்றுலாப் பகுதியில் “ஒரு பிட்ச்சுக்கு ஓர் இரவுக் கட்டணம், மின்இணைப்புடன்”.

—

வேர்ச்சொல் எழுதியது:

முதலாவதற்கு ‘முன்வைப்பு’. விற்பனையாளர் வாடிக்கையாளரிடம் பேசுவதென்றால் ‘விற்பனைப் பேச்சு’. தொழில்முனைவோர் வட்டத்தில் பிட்ச் என்றே புழங்குவதால் அடைப்புக்குள் ‘பிட்ச்’ என்று ஒருமுறை காட்டலாம். ‘பிட்ச் டெக்’ என்று வந்தால் அது காட்சி வில்லைகளின் தொகுப்பு. சீட்டுக்கட்டு என்று எழுதிய கையேடுகளும் உலவுகின்றன.

இரண்டாவது பிரிட்டன் வழக்கு. முகாமில் ஒரு கூடாரத்துக்கோ ஒரு வேனுக்கோ பிரித்துவிட்ட இடம். “கூடாரம் அடிக்க ஓர் இடத்துக்கு, ஓர் இரவுக்கு” என்று எழுதுங்கள். ஆள் கணக்கா இடக் கணக்கா என்று மூலத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நாலு பேர் போனாலும் பிட்ச் ஒன்றுதான்.